டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: பயம் போகும், உச்சரிப்புக்கு வீட்டில்தான் உழைக்க வேண்டும்

நாலு பேர் முன்னால் தைரியமாகப் பேச எங்கே போய்க் கற்றுக்கொள்வது என்று விசாரித்தால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் டோஸ்ட்மாஸ்டர்ஸ். 1924 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு இது. லாப நோக்கமில்லாதது. இன்று சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று தமிழர்கள் இருக்கும் ஊர்களிலெல்லாம் கிளப்புகள் இருக்கின்றன. முழுக்கத் தமிழிலேயே கூட்டம் நடத்தும் கிளப்புகளும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் உண்டு.

சேருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே ஆசிரியர் கிடையாது. பாடம் நடத்த யாரும் வரமாட்டார்கள். உங்களைப் போலவே சந்தா கட்டிய உறுப்பினர்கள் மாறி மாறிப் பேசுவார்கள், மாறி மாறி மதிப்பிடுவார்கள். கூச்சம், மேடை பயம், சொல்ல வந்ததை ஒழுங்காக அடுக்குவது, நேரத்துக்குள் முடிப்பது ஆகிய நான்குக்கும் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வார்த்தை தெளிவாக விழுவது, குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேருவது என்று வந்தால் ஐந்துக்கு இரண்டுதான். அந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். இதை அறியாமல் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து "தைரியம் வந்துவிட்டது, ஆனாலும் நான் பேசுவது யாருக்கும் புரியவில்லை" என்று விலகுகிறவர்கள் நிறையப் பேர்.

கட்டணம்: புதிதாகச் சேர ஒருமுறை 20 டாலர், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு 60 டாலர் சந்தா. நம் பணத்தில் ஆறு மாதத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் போகும். இது தலைமையகத்துக்குப் போகும் தொகை. அறை வாடகை, டீ, பேட்ஜ் என்று கிளப் தனியாக ஒரு தொகை சேர்க்கலாம். எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காவெல் கிளப் என்ற தனி ஏற்பாடும், எட்டு அமர்வுகள் கொண்ட இளையோர் பயிற்சியும் இருக்கின்றன.

ஒரு கூட்டம் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போகும். மூன்று பகுதிகள். முன்பே தயாரித்த உரைகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 5 முதல் 7 நிமிடம். தயாரிப்பே இல்லாமல் பேசும் டேபிள் டாபிக்ஸ், ஒருவருக்கு 1 முதல் 2 நிமிடம். பிறகு ஒவ்வோர் உரைக்கும் 2 முதல் 3 நிமிட மதிப்பீடு. இவற்றோடு நேரம் பார்க்கும் டைமர், தேவையில்லாத ஒலிகளை எண்ணும் ஆ-கவுண்டர், மொழியைக் கவனிக்கும் கிராமேரியன், மொத்தக் கூட்டத்தையும் மதிப்பிடும் ஜெனரல் எவால்யுவேட்டர் என்று ஆளுக்கொரு பொறுப்பு.

இவற்றில் வெளியில் எங்கும் எளிதில் கிடைக்காத பயிற்சி டைமருடையது. ஐந்து முதல் ஏழு நிமிட உரை என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்பு வந்த பிறகு முப்பது விநாடிதான் சலுகை. போட்டியில் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலோ நாலரை நிமிடத்துக்குள் முடித்தாலோ தகுதி போய்விடும். மஞ்சள் அட்டை உயர்ந்ததும் புதியவர்கள் செய்வது ஒன்றுதான்: மிச்சமிருக்கும் மூன்று கருத்தையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். வேகம் கூடும், மூச்சு குறையும், வாக்கியங்களின் வால் அறுந்து விழும். மஞ்சள் வந்தால் நடுவில் எஞ்சியதை அப்படியே விட்டுவிட்டு முடிவுரைக்குத் தாவ வேண்டும். அதற்கு முடிவுரை தனியாக நிற்கும்படி, நாற்பது விநாடிக்குள் சொல்லும்படி, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பாதியிலே விட்டதைச் சபை கண்டுபிடிக்காது, அவசரத்தைக் கண்டுபிடித்துவிடும்.

டேபிள் டாபிக்ஸ்தான் பலர் நடுங்கும் பகுதி, வேகமாகப் பலன் தருவதும் அதுவே. பெயரைக் கூப்பிட்டு, ஒரு கேள்வியைக் கேட்டு, மேடையைக் கொடுத்துவிடுவார்கள். கேள்வி விழுந்தவுடன் வாயைத் திறக்காதீர்கள். எழுந்து, நிதானமாக நடந்து, சபையைப் பார்த்து, கேள்வியை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். இதிலேயே பத்து விநாடி கிடைக்கும். யோசிக்க அது போதும். ஒரே ஒரு நிலைப்பாட்டை எடுத்து, அதற்கு ஒரே ஒரு காரணம், அதைக் காட்டும் ஒரு சம்பவம், மறுபடி நிலைப்பாடு என்று போனால் ஒன்றரை நிமிடம் தானாக நிரம்பும். "ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, இன்னொரு பக்கம் பார்த்தால் அப்படி" என்று இரண்டு பக்கமும் வாதாடத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் ஒரு பக்கம்கூட நிற்காது. விருந்தினராகப் போகிறவர்களையும் பேசக் கூப்பிடுவது உண்டு. விருப்பமில்லை என்றால் சொல்லிவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனாலும் முதல் நாளே எழுந்துவிடுவது நல்லது. தள்ளிப்போடத் தள்ளிப்போட பயம் வளரும்.

சேர்ந்ததும் கொடுக்க வேண்டிய முதல் உரைக்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயர். 4 முதல் 6 நிமிடம், உங்களைப் பற்றி நீங்களே பேச வேண்டும். பிறந்த ஊரில் தொடங்கி, பள்ளி, கல்லூரி, முதல் வேலை, கல்யாணம் என்று வரிசையாகப் போனால் சிவப்பு அட்டை வரும்போது நீங்கள் இன்னும் பிளஸ் டூவில் இருப்பீர்கள். உங்கள் குணத்தைக் காட்டும் இரண்டு அல்லது மூன்று நிகழ்வுகள் போதும். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் வரும்படி எழுதுங்கள். சபை சிரித்தால் நேரம் கூடும், பதற்றத்தில் குறையும். இரண்டுக்கும் ஒரு நிமிட இடைவெளி வேண்டும்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு சொல் தவறினால் அடுத்த பத்து வரியும் சேர்ந்து போய்விடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் உள்ளதற்கு ஐந்தாறு குறிப்புச் சொற்கள் போதும். பதற்றம் உச்சத்தில் இருப்பது எழுந்து நிற்பதற்குச் சற்று முன்பும் முதல் ஒரு நிமிடத்திலும்தான். அந்த நேரத்தில் மூளை புதிதாக வாக்கியம் கட்டத் தடுமாறும். மனப்பாடமான இரண்டு வரி அதைத் தாண்டிவிட உதவும். குறிப்பை ஏ4 தாளில் எழுதிக் கையில் பிடிக்க வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் தாள் அதைப் பெரிதாக்கிக் காட்டும், சலசலக்கும். விசிட்டிங் கார்டைவிடச் சற்றுப் பெரிய அட்டை சரியாக இருக்கும். பெயர் கூப்பிடுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து முறை செய்தால் படபடப்பு பெரும்பாலும் ஒரு படி இறங்கும். வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கிறது.

கிளப் நல்லதா இல்லையா என்பது மதிப்பீட்டில் தெரிந்துவிடும். பல கிளப்புகளில் இது பாராட்டு விழாவாக முடிகிறது. "ரொம்ப நல்லா பேசினீங்க, இன்னும் கொஞ்சம் கான்ஃபிடண்ட்டா பேசினா சூப்பரா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் போய் ஒன்றும் செய்ய முடியாது. பயன்படும் மதிப்பீடு இப்படி இருக்கும்: "அப்பா கடையை மூடின இடத்தைச் சொல்லிட்டு நீங்க நிற்கவே இல்லை, உடனே அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. அங்க ரெண்டு விநாடி நிறுத்தியிருந்தா எங்களுக்கு அது இறங்கியிருக்கும். அப்புறம், உரை முழுக்க இடது பக்க வரிசையை நீங்க பார்க்கவே இல்லை." எந்த இடம், என்ன நடந்தது, என்ன செய்திருக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. உரையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் மதிப்பீட்டாளரிடம் "நான் இன்றைக்கு நிறுத்தங்களில் கவனம் வைக்கிறேன், அதை மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டால், சுமாரான மதிப்பீட்டாளரிடமிருந்துகூடப் பயனுள்ள பதிலை வாங்கிவிடலாம். மதிப்பீடு செய்யும் பொறுப்பை நீங்களும் சீக்கிரமே கேட்டு வாங்குங்கள். மற்றவரின் பேச்சை மூன்று நிமிடத்தில் பிரித்துச் சொல்லப் பழகியவருக்குத் தன் பேச்சின் ஓட்டைகள் தாமாகவே தெரியத் தொடங்கும்.

ஆ-கவுண்டர் விஷயத்தில் தமிழ்க் கிளப்புகள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். "ஆ", "ம்" மட்டும் எண்ணினால் போதாது. நம் பேச்சில் இட்டு நிரப்பும் சொற்கள் வேறு: "வந்து", "என்னன்னா", "அதாவது", "பார்த்தீங்கன்னா", "ஆக்சுவலி", "ஸோ". இவற்றையும் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். இவை வரும் இடத்தைக் கவனித்தால், ஒரு கருத்து முடிந்து அடுத்த கருத்து தொடங்கும் மூட்டில்தான் பெரும்பாலும் வரும். அடுத்து என்ன என்று மூளை தேடுகிறது, வாய் அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே "வந்து சொல்லக்கூடாது" என்று மனதுக்குள் கட்டளை போட்டுக்கொண்டால் பலிக்காது. மூட்டுகளை மட்டும் தனியாக ஒத்திகை பாருங்கள்: முதல் பகுதியின் கடைசி வரி, வாய் மூடி ஒரு மூச்சு, இரண்டாம் பகுதியின் முதல் வரி. இப்படி நாலு மூட்டுகளைப் பத்துப் பத்து முறை சொன்னாலே எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

இனி கிளப் தராததைப் பார்ப்போம். பேச்சுத் தெளிவைத் திருத்த ஒலி ஒலியாகக் கேட்கும் காது வேண்டும். சக உறுப்பினருக்கு அந்தப் பயிற்சி இருக்காது. பெரும்பாலான கூட்டங்கள் இருபது பேர் உட்காரும் அறையில் மைக் இல்லாமல் நடப்பதால் குரல் போதாதது வெளியே தெரியவும் தெரியாது. இதற்கு ஃபோனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். ஃபோனை ஓர் அடி தள்ளி மேசையில் வைத்து, நாளிதழின் ஒரு செய்தியை இரண்டு நிமிடம் வாசித்துப் பதியுங்கள். பிறகு அதே செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். காதில் விழாத எழுத்துகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வட்டங்கள் வாக்கியத்தின் கடைசியில்தான் குவியும்.

இது தமிழில் பெரிய கோளாறு. நம் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. இல்லை என்பதும் அங்கேதான் வருகிறது. "இந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துக்கொள்ளக் கூடாது" என்ற வாக்கியத்தில் மூச்சு தீர்ந்து கடைசிச் சொல் அமுங்கினால், கேட்டவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். மூச்சை வாக்கியத்தின் நடுவிலேயே காலி செய்துவிடுவதுதான் காரணம். நீளமான வாக்கியத்தில் எங்கே மூச்சு எடுப்பது என்று தாளில் சாய்கோடு போட்டுக்கொண்டு வாசியுங்கள். எழுவாய்ப் பகுதி முடிந்ததும் ஒன்று, வினைக்கு முந்தைய நீண்ட தொடருக்கு முன் ஒன்று. கடைசிச் சொல்லை முதல் சொல்லின் அதே சத்தத்தில் சொல்வது என்று வைத்துக்கொண்டு தினம் ஐந்து நிமிடம் வாசித்தால், மூன்று நான்கு வாரத்தில் பதிவில் வித்தியாசம் கேட்கும்.

ல, ள, ழ பிரிக்க வராதவர்கள் கண்ணாடி முன் உட்காருங்கள். ல-வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் பின்னால் உள்ள ஈறைத் தொடும். ள-வுக்கு நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு அதே வளைவுதான், ஆனால் தொடவே கூடாது. நுனிக்கும் அண்ணத்துக்கும் நடுவே காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ழ வராமல் ள விழுந்தால் நாக்கு எங்கோ தொடுகிறது என்று அர்த்தம். வலி, வளி, வழி. தலை, தளை, தழை. கலை, களை, கழை என்று மும்மூன்றாகச் சொல்லிப் பதிந்து, மறுநாள் கேட்டு, எது எது என்று உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். நா பிறழ் வாக்கியங்களை ஆரம்பத்திலேயே வேகமாகச் சொல்வதில் பயனில்லை. வேகம் தவறான இடத்தையே பழக்கிவிடும். முதலில் எழுத்தெழுத்தாக, பிறகு சாதாரண வேகத்தில், கடைசியாகத்தான் விரைவாக.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று இணையத்தில் கிடைக்கும் கணக்குகள் ஆங்கிலத்துக்கானவை. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல்; அந்தக் கணக்கில் பேசினால் மூச்சு முட்டும். உங்கள் சொந்தப் பதிவை மற்றொருவரிடம் கொடுத்து, ஒருமுறை கேட்டதும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிடும் இடத்தில் உங்கள் வேகம் அதிகம்.

பள்ளி, கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். அந்த மேடையில் கற்ற உரத்த குரல், அடுக்கடுக்கான அடைமொழி, ஒவ்வொரு பெரியவரையும் பெயர் சொல்லி விளிப்பது எல்லாம் ஐந்து நிமிட உரையில் முக்கால் நிமிடத்தைச் சாப்பிட்டுவிடும். ஒரே வரியில் வணக்கம் சொல்லி விஷயத்துக்கு வாருங்கள். செந்தமிழில் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் பேச்சு வழக்குக்குச் சரிவதும் அடிக்கடி நடக்கிறது. எது உங்களுக்கு இயல்போ அதில் தொடங்கி அதிலேயே முடியுங்கள். மேற்கோளும் உரையாடலும் வரும் இடத்தில் மட்டும் மாறலாம்.

எந்தக் கிளப்பில் சேருவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 24 உறுப்பினர்கள், மாதம் இரண்டு கூட்டம், கூட்டத்துக்கு மூன்று உரை என்றால் மாதம் ஆறு இடம். உங்கள் முறை நாலு மாதத்துக்கு ஒருமுறை வரும். 60 டாலர் கட்டி ஆறு மாதத்தில் ஒன்று அல்லது இரண்டு உரை! அதே 24 பேர் வாரந்தோறும் கூடினால் இரண்டு மாதத்துக்கு ஒன்று. அதனால் வாரக் கிளப் கிடைத்தால் அதற்கே போங்கள். கிடைக்காவிட்டால், உரை இல்லாத கூட்டங்களில் டைமர், ஆ-கவுண்டர் என்று ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை சொல்ல எழும் அந்த ஒரு நிமிடமும் மேடைதான். விருந்தினராகப் போகக் கட்டணம் இல்லை. இரண்டு மூன்று கிளப்புகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சொன்ன நேரத்தில் தொடங்குகிறார்களா, மதிப்பீட்டில் குறிப்பான திருத்தம் வருகிறதா, புதிதாகச் சேர்ந்தவருக்கு வழிகாட்டி நியமித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். நிறுவனங்களுக்குள் நடக்கும் கிளப்புகள் சில, வெளியாட்களைச் சேர்ப்பதில்லை. ஆன்லைன் கிளப் ஊர் விட்டு ஊர் மாறுகிறவர்களுக்கு வசதிதான். மேடை பயத்துக்கு நேரில் போவதே மருந்து.

பாடத்திட்டத்துக்குப் பாத்வேஸ் என்று பெயர், ஒவ்வொரு பாதையிலும் ஐந்து நிலைகள். முதல் நிலை மிக நன்றாக இருக்கிறது. குறிப்பாக அதில் உள்ள மதிப்பீடு பற்றிய பயிற்சி: ஓர் உரை கொடுத்து, கிடைத்த கருத்தை வைத்து இன்னோர் உரை கொடுத்து, பிறகு இன்னொருவரை நீங்கள் மதிப்பிட வேண்டும். இதைத் தட்டிக்கழிக்காமல் செய்தவர்கள் தெளிவாக முன்னேறுகிறார்கள். மேல்நிலைகளில் திட்டமிடல், தலைமை என்று போகிறது. பேச்சுக்காக மட்டும் வந்தவருக்கு அவ்வளவு அவசியமில்லை. போட்டிகள் உற்சாகம் தருபவை. 2014-இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி முதலிடம் வந்தார், நம் பகுதிக் கிளப்புகளில் அது பெரிய ஊக்கமாக இருந்தது. ஆனால் போட்டி மேடையின் பெரிய சைகைகளை அலுவலக மீட்டிங்குக்குக் கொண்டுபோனால் செயற்கையாக இருக்கும்.

அடுத்த வாரம் இன்டர்வியூ என்பவருக்கு இந்தச் சேவை உதவாது. குறைந்தது ஆறு மாதம் வேண்டும். திக்குவாய் உள்ளவர்கள் முதலில் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களில் முறையான சிகிச்சை கிடைக்கிறது. அதோடு சேர்த்துக் கிளப்புக்கும் போகலாம், நல்லதே. ஆனால் ஆ-கவுண்டர் உங்களை எண்ண வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அந்த எண்ணிக்கை உங்களுக்கு அழுத்தத்தைத்தான் கூட்டும். குரல் வாரக்கணக்கில் கரகரப்பாக இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் குரல் பயிற்சி எதுவும் வேண்டாம்.

சந்தா ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று இரண்டு தவணைகளில் புதுப்பிக்கப்படுகிறது. நடுவில் சேருகிறவர்களுக்கு மீதமுள்ள மாதங்களுக்கு மட்டும், மாதம் 10 டாலர் வீதம் கணக்கிடுவார்கள். தயக்கம் இருந்தால் பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ சேருங்கள். நுழைவுக் கட்டணத்தோடு இரண்டு மாதச் சந்தா மட்டும் கட்டி, ஐஸ் பிரேக்கரைக் கொடுத்துவிட்டு, அதற்கு வந்த மதிப்பீடு எப்படி இருந்தது என்பதைப் பார்த்து அடுத்த தவணையைக் கட்டலாமா என்று முடிவு செய்யலாம்.